கடலோரம் போய் மலை ஏறி: இருவராக இலங்கையில் ஒரு கார்ப் பயணம்

விரிஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நெடுஞ்சாலை புதிதல்ல. சென்னை–பெங்களூரு சாலை ஊரை ஒட்டித்தான் போகிறது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் கம்பெனிகளுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் ஓட்டிப் பழகியவர்கள் நாம். ஊர்க் கோயிலின் மார்க்கபந்தீசுவரரே வழித்துணைநாதர்தான். காஞ்சிக்குப் போன மிளகு வணிகருக்குத் துணையாக நடந்து, கள்வரிடமிருந்து காத்தார் என்பது தலபுராணம். அப்பய்ய தீட்சிதர் இவர்மேல் பாடிய மார்க்கபந்து தோத்திரத்தை இன்றும் பயணம் கிளம்புமுன் சொல்பவர்கள் உண்டு.

கணவனும் மனைவியுமாக வெளிநாட்டில் தாமே கார் ஓட்டிக் கடலையும் மலையையும் பார்க்க விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இலங்கையைத்தான். நம்மைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். வழிப்பலகைகளில் தமிழ் இருக்கிறது. தென்கோடிக் கடற்கரையிலிருந்து அரைநாள் ஓட்டினால் தேயிலை மலை வந்துவிடும். ஆனால் தூரம் குறைவு என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. மலைச்சாலையில் மணிக்கு 25 அல்லது 30 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடக் கூடாது. இந்த அத்தியாயத்தில் எல்லாத் திட்டத்தையும் கிலோமீட்டரை வைத்துப் போடாமல் பகல் வெளிச்சத்தை வைத்துப் போட்டிருக்கிறேன். மாலை நான்கு மணிக்குக் கார் தங்குமிடத்தில் நிற்க வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எந்த மாதம்

தென்கரையும் மலையகமும் சேர்ந்த இந்தப் பாதைக்கு டிசம்பர் பிற்பாதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போகலாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தென்கரையில் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர், நவம்பரைத் தவிருங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகத்தில் நிலச்சரிவுகள் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. சாலைகளும் மலை ரயில் பாதையும் பலத்த சேதமடைந்தன. ஆகவே எந்த மாதம் கிளம்பினாலும், போகவிருக்கும் ஒவ்வொரு மலைச்சாலையும் திறந்திருக்கிறதா என்று தங்குமிடத்துக்காரரிடம் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டு. அப்போது நுவரெலியாவில் அறை கிடைப்பதும் காரை நிறுத்துவதும் பெரும்பாடு. பௌர்ணமிதோறும் போயா விடுமுறை வரும். அன்று மதுக்கடைகள் மூடியிருக்கும், கதிர்காமச் சாலை நிரம்பியிருக்கும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுங்கள்.

காகித வேலை: எதற்குப் பின் எது

1. கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா பாருங்கள். கணவன், மனைவி இருவருடையதையும்.

2. ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் பெயரும் கடவுச்சீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் ஒன்றில் மட்டும் பெயர் மாற்றியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

3. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்குப் பரிவாகன் தளத்தின் சாரதி பகுதியில் விண்ணப்பித்து, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறுங்கள். நம் பகுதிக்கு வேலூர் ஆர்.டி.ஓ. கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இருவருக்கும் எடுங்கள். ஒருவர்தானே ஓட்டப்போகிறார் என்று விடாதீர்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கார் மலையூரான எல்லவிலேயே நின்றுவிடும்.

4. இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மின்னணுப் பயண அனுமதி பெறுங்கள். தேடும்போது முதலில் வந்து நிற்கும் தரகுத் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும்; முகவரியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. மருத்துவச் செலவையும் சேர்த்த பயணக் காப்பீடு எடுங்கள். கார் ஓட்டும்போது நேரும் விபத்துக்கு அது பொருந்துமா என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள்.

பலர் தவறும் இடம் மூன்றாவது படிக்குப் பின்னால் இருக்கிறது. இந்தியாவில் எடுத்த பன்னாட்டு அனுமதி மட்டும் இலங்கையில் போதாது. அந்நாட்டு ஒப்புதலும் வேண்டும். முன்பெல்லாம் இதற்காகக் கொழும்பில் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்துக்கோ வெரஹெரவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கோ அலைய வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக உரிமம் தரும் கவுண்டர் இருக்கிறது. வாடகைக்காரர் "நானே வாங்கி வைக்கிறேன்" என்றால் சரி, ஆனால் அந்தத் தாள் கைக்கு வராமல் சாவியை வாங்காதீர்கள். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

சொந்தக் காரை ஏற்றிப் போக வழியில்லை. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளுக்கு மட்டும்தான்.

ஏலகிரியில் ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நம் மாவட்டக்காரர்களுக்கு வாய்த்த வசதி இது. வாணியம்பாடி தாண்டி ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு ஞாயிறு விடிகாலை, கூட்டம் வருமுன் போய், இருவரும் ஆளுக்கொரு முறை ஏறி இறங்குங்கள்.

1. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவதில் ஏறினால் இறக்கமும் இரண்டாவதில்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கம் இருந்தால் அதை ஏலகிரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

2. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து, எஞ்சின் இழுவையில் திரும்புங்கள்.

3. ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி. கீழே பஸ் தெரிந்தால் வளைவுக்கு மேலேயே நின்று விடுங்கள்.

4. பக்கத்தில் இருப்பவருக்கும் வேலை உண்டு. வளைவின் மேல்பக்கச் சாலையைப் பார்த்து "காலி", "வண்டி வருது" என்று சொல்ல வேண்டும். அதைத் தவிர வேறு பேச்சு வேண்டாம்.

5. இருவரில் யார் "நிறுத்து" என்றாலும் கேள்வி கேட்காமல், பின்னால் பார்த்து, ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். காரணத்தை நின்றபின் பேசிக்கொள்ளலாம். சேர்ந்து பயணம் போகும் தம்பதியர் வழியில் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த ஓர் ஒப்பந்தம் இல்லாததால்தான். ஓட்டுபவருக்குத் தன் திறமையைச் சந்தேகிப்பதாகத் தோன்றும். பக்கத்தில் இருப்பவருக்குப் பயத்தைச் சொல்லக்கூட உரிமை இல்லையே என்று தோன்றும். ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

வளைவில் தலைசுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் அதுவும் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். வாந்திக்கான மாத்திரை பெரும்பாலும் தூக்கம் வரவழைக்கும். ஓட்டப்போகிறவர் அதைப் போடக் கூடாது. குமட்டல் வருபவரே ஓட்டினால் பலருக்கு அது வருவதில்லை. இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் காரில் இருக்கட்டும்.

காரைக் கையில் வாங்கும்போது

சிறிய ஆட்டோமேட்டிக் கார் போதும். இருவருக்கும் இரண்டு பெட்டிகளுக்கும் அதற்குமேல் தேவையில்லை; மலைச்சாலையின் அகலமும் அதற்குமேல் தாங்காது. அங்கே வாடகைக்குக் கிடைப்பவற்றில் ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் நிறைய. அவற்றில் இறக்கத்துக்கென்று 'பி' அல்லது 'எல்' என்று ஒரு நிலை இருக்கும். சாவி தருபவரிடமே அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

1. பகல் வெளிச்சத்தில் காரைச் சுற்றி வந்து ஒரே வீடியோவாக எடுங்கள். கண்ணாடி, சக்கர விளிம்பு, முன்பக்க அடிப்பகுதி, கீறல் எல்லாம் தெரியட்டும். பெட்ரோல் அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் சேர்த்து எடுங்கள்.

2. நான்கு டயரையும் குனிந்து பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா பாருங்கள்.

3. வைப்பர், பனிவிளக்கு, கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் விசை மூன்றையும் போட்டுப் பாருங்கள். நம் வெயிலில் கடைசி விசையைத் தொட்டிருக்கவே மாட்டோம். நுவரெலியாவில் அது இல்லாமல் பத்து நிமிடம் ஓட்ட முடியாது.

4. காப்பீட்டுத் தாளில் உங்கள் இருவர் பெயரும் ஓட்டுநராக எழுதப்பட வேண்டும்.

வேக வரம்பு ஊருக்குள் மணிக்கு 50, வெளியே 70, விரைவுச்சாலையில் 100 கிலோமீட்டர். சீட் பெல்ட் இருவருக்கும் கட்டாயம். யூபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே பல கடைகளில் நடக்கிறது. ஆனாலும் மலையில் சிக்னல் போகும்போது கைப்பணம்தான் உதவும். வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வையுங்கள்.

பாதை

பத்து நாள் இருந்தால் நிதானமாக முடியும். ஏழு நாள்தான் உண்டு என்றால் தென்கரையோ மலையோ ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் ஏழு நாளில் திணித்தால் ஊர்களைப் பார்க்க நேரம் இருக்காது, காருக்குள்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

முதல் நாள்: விமானம் மதியத்துக்குமேல் இறங்கினால் அன்று தூரம் ஓட்ட வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நீர்கொழும்பு இருக்கிறது, அங்கே தங்குங்கள். விரிஞ்சிபுரத்திலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரவே ஸ்ரீபெரும்புதூர் நெரிசலோடு நான்கு மணி நேரம் ஒதுக்கியிருப்பீர்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு புதிய நாட்டில், புதிய காரில் உட்காரக் கூடாது.

இரண்டு, மூன்றாம் நாள்: கொழும்பு நகருக்குள் நுழையவே தேவையில்லை. கட்டுநாயக்க விரைவுச்சாலையில் ஏறி, கெரவலப்பிட்டியில் வெளிவட்டச் சாலைக்கு மாறி, கொட்டாவை தாண்டித் தெற்கு விரைவுச்சாலையைப் பிடித்துவிடலாம். காலிக்கு பின்னதுவையில் இறங்குங்கள். கோட்டைக்குள் தெருக்கள் ஒடுக்கம். காரை மதிலுக்கு வெளியே விட்டு நடந்து போங்கள். போர்ச்சுக்கீசியர் தொடங்கி, டச்சுக்காரர் எடுத்துக் கட்டிய கோட்டை இது. 1988இல் உலக மரபுச் சின்னமானது. சீன, தமிழ், பாரசீக மொழிகளில் வெட்டிய கல்வெட்டு ஒன்று 1911இல் இந்தக் காலியில்தான் கிடைத்தது. சீனக் கடலோடி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. அதன் தமிழ்ப் பகுதி தென்னாவரக் கோயிலின் நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான்காம் நாள்: வெலிகம, மிரிஸ்ஸ, மாத்தறை வழியாகக் கரைச்சாலையிலேயே போங்கள். அந்தத் தென்னாவரக் கோயில் இருந்த தெவிநுவர, இலங்கையின் தென்முனை. கலங்கரை விளக்கம் இருக்கிறது. தங்காலை, அம்பாந்தோட்டை தாண்டி திஸ்ஸமகாராமையில் இரவு.

ஐந்தாம் நாள்: விடிந்ததும் கதிர்காமம். மாணிக்க கங்கையில் கால் நனைத்து, முருகனைக் கும்பிட்டு, ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். பிறகு தணமல்வில, வெல்லவாய வழியாக எல்ல. வெல்லவாயவில் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து எல்லவுக்கு ஏறும் சாலையில் ராவண அருவி பக்கத்தில் வண்டிகள் சட்டென்று நிற்கும். 2025 செப்டம்பரில் ஒரு பஸ் பள்ளத்தில் உருண்டு பலர் இறந்ததும் இதே சாலையில்தான். மதிய வெளிச்சத்தில் ஏறிவிடுங்கள்.

ஆறாம் நாள் எல்லவில் காரைத் தொடாதீர்கள். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்தே போகலாம். அது ஓடும் ரயில்பாதை. தண்டவாளத்தில் உட்கார்ந்து படம் எடுப்பதைக் கூட்டமே செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

ஏழு, எட்டாம் நாள்: பண்டாரவளை, வெலிமடை, ஹக்கலை வழியாக நுவரெலியா. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். காலையில் சீக்கிரம் கிளம்பினால் அப்புத்தளைக்கு ஒரு சுற்றுப் போய் லிப்டன் இருக்கை என்னும் உச்சியைப் பார்த்து வரலாம். ஒன்பது மணிக்குமேல் மேகம் மூடிவிடும். ஹக்கலை தாண்டியதும் சீதையம்மன் கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து அட்டன் வரை வழி கேட்கப் பெரும்பாலும் தமிழே போதும். தோட்டங்களில் வேலை செய்பவர்கள், தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அழைத்துப் போகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. நெடுங்காலம் போராடித்தான் திரும்பப் பெற்றார்கள். கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடை கணக்கு வைத்துக் கூலி வாங்கும் வேலை நேரம் அது. காரை நிறுத்தி, இறங்கி, வணக்கம் சொல்லி, அவர்களுக்கு நேரம் இருந்தால் பேசுங்கள். பயணத்தில் இதைவிட நல்ல அரைமணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்பது, பத்தாம் நாள்: றம்பொடை இறக்கம், கண்டி, பிறகு கட்டுநாயக்க.

றம்பொடை இறக்கமும் பிரேக்கும்

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் சாலை இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. ஏலகிரி ஒத்திகை முழுக்க இதற்காகத்தான். அங்கே இறக்கம் அரைமணியில் முடிந்துவிடும். இங்கே மணிக்கணக்கில் தொடரும்.

காலை எட்டுக்குக் கிளம்புங்கள். பனி இருந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைத்து ஓட்டுங்கள். உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அரைமணிக்கொரு முறை அகலமான இடத்தில் நிறுத்துங்கள். பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தால் பதறி வேகம் கூட்ட வேண்டாம், ஓரங்கட்டி விடுங்கள். உங்கள் வரிசையிலேயே எதிரில் முந்திக்கொண்டு வரும் பஸ்ஸையும் பார்ப்பீர்கள். வளைவில் எப்போதும் இடது ஓரத்தைப் பிடித்தே போங்கள்.

கருகிய வாடை வந்தாலோ, பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ:

1. உடனே கியரைக் குறைத்து, முதல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

2. சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரைமணியாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்; சூடான டிஸ்க் வெடித்து விடலாம்.

3. ஆறியபின் சமதரையில் மெல்ல ஓட்டி மிதித்துப் பாருங்கள். மிதி இன்னும் தளர்வாக இருந்தால் ஓட்ட வேண்டாம், வாடகைக்காரரைக் கூப்பிடுங்கள்.

4. ஓடும்போதே பிரேக் முழுதும் போய்விட்டால் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வேறு வழியில்லை என்றால் மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள்; பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் ஒதுங்காதீர்கள்.

யானையும் கடலும்

கதிர்காமத்திலிருந்து புத்தளைக்குக் காட்டு வழியாகக் குறுக்குச்சாலை ஒன்று உண்டு. வரைபடம் அதைத்தான் காட்டும். யாலக் காட்டை ஒட்டிய அந்தச் சாலையில் யானைகள் வண்டியை மறித்துத் தின்பண்டம் தேடும். கோயிலில் வாங்கிய பழத்தட்டு காருக்குள் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் வந்த வழியே திஸ்ஸமகாராமைக்குத் திரும்பச் சொன்னேன். எந்தச் சாலையிலும் யானை நின்றால் தூரத்திலேயே நில்லுங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், உணவு எறியாதீர்கள். அது விலகும்வரை காத்திருங்கள்.

பாலாற்றுக் கரைக்காரர்கள் நாம்; பாலாற்றில் தண்ணீரைப் பார்ப்பதே அரிது, நீச்சல் தெரிந்தவர்களும் குறைவு. தென்கரையில் மணலுக்கு அப்பால் சட்டென்று ஆழம் வரும் இடங்கள் உண்டு. உயிர்காப்பாளர் இருக்கும் கரையில் மட்டும், முழங்கால் தண்ணீர்வரை மட்டும் இறங்குங்கள். சிவப்புக்கொடி பறந்தால் மணலோடு சரி. குளிக்க ஆசை என்றால் மாத்தறையில் பொல்ஹேன நல்லது. அலையைப் பவளப்பாறை தடுக்கிறது. இழுநீரில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள். நிலம் நடுங்கினாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, காரைத் தேடாமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று காலிக்கு வடக்கே பெரலியவில் நின்ற ரயிலை ஆழிப்பேரலை வாரிப்போனதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையோரச் சாலையில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

காலணி

தோல் செருப்பைக் கடலுக்குப் போட்டுப் போகாதீர்கள். உப்புத்தண்ணீர் பட்டால் காய்ந்ததும் வெள்ளைக்கோடு விழும், தோல் விறைக்கும். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காயவையுங்கள். வெயிலும் ஹீட்டரும் வேண்டாம். நுவரெலியா ஈரத்தில் பூஞ்சை பூப்பதும் விரைவு. ஷூ டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் ஆம்பூர்ப் பக்கம் எல்லார் வீட்டிலும் கிடக்கும். நாலைந்தைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். கேமராப் பைக்கும் ஆகும். ஓட்டும்போது மட்டும் பின்பட்டை உள்ள, காலைப் பிடிக்கும் காலணி. ரப்பர் செருப்பு பிரேக் மிதிக்கு அடியில் சிக்கும்.

கைப்பேசியில் பதிய வேண்டிய எண்கள்

ஆம்புலன்ஸ் 1990. சுவ செரிய என்னும் இந்தச் சேவை 2016இல் இந்திய உதவியோடு தொடங்கி, இப்போது நாடு முழுவதும் இலவசமாக ஓடுகிறது. போலீஸ் 119. பேரிடர் மேலாண்மை மையம் 117. மழைநாளில் நிலச்சரிவு எச்சரிக்கை பற்றிக் கேட்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி 1912. எண்கள் இருவர் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். ஒரு தாளில் எழுதிக் காரின் வெயில்மறைப்பு மடிப்பிலும் செருகுங்கள்.

காரைத் திருப்பித் தரும் நாள்

கண்டியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். மழைநாளில் கடுகண்ணாவ இறக்கத்தை மூடிவிடுவது உண்டு, அப்போது மாற்று வழியில் சுற்ற வேண்டும். விமானம் இரவில் என்றாலும் பகலிலேயே காரை ஒப்படையுங்கள். எடுத்தபோது இருந்த அளவுக்குப் பெட்ரோல் நிரப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, வாடகைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே மறுபடி ஒரு வீடியோ எடுங்கள். விரைவுச்சாலைக் கட்டணமோ அபராதமோ பாக்கி இல்லை என்று எழுதி வாங்கி, முன்பணம் கைக்கு வந்தபின் சாவியைக் கொடுங்கள்.